கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜூலியா

போன சனவரியில் நடந்தது. நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் ஆறாம் மாடியில் இருக்கிறோம். வீட்டுக்குள் மிளகாய் வறுத்தால் புகை மணி அடித்து முழுக் கட்டடமும் கீழே இறங்க வேண்டிவரும். அதனால், கரண்ட் நின்றால் சமைக்கவென்று வாங்கி வைத்த சின்னக் காஸ் அடுப்பை பல்கனியில் வைத்துத்தான் வறுப்பேன்.

அன்று வறுத்து முடித்துத் திரும்பினேன். மகனின் பிள்ளை ஜூலியா, இரண்டு வயது, உள்ளே நின்று கதவுப் பிடியைக் கீழே இழுத்துப் பூட்டிவிட்டாள். வெளியில் பிடி கிடையாது. சமையலறையில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கதிரையை இழுத்துப்போட்டு ஏற அவளுக்குத் தெரியும்.

"பிடியைத் திருப்புங்கோ செல்லம். இப்பிடி."

"அப்பப்பா அங்கை," என்று சிரித்தாள்.

கண்ணாடியை உடைக்கலாம். ஆனால் பிள்ளை அதோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மனைவி மரியமலருக்குப் போன் அடித்தேன். வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

"என்னப்பா, கதவு பூட்டுப்பட்டுப் போச்சு. நான் பல்கனியில நிக்கிறன்."

"ஜக்கெற் போட்டிருக்கிறியளோ?"

"இல்லை. அதை விடும், இஞ்சை..."

"இந்தக் குளிருக்குள்ள நிண்டு வறுக்கச் சொல்லி ஆர் கேட்டது? கடையில தூள் விக்கிறாங்கள். உங்களுக்கு மாமி வறுத்த ருசிதான் வேணும். அரை மணித்தியாலத்தில வாறன், நில்லுங்கோ."

பிள்ளை தனிய உள்ளே நிற்கிறது என்று சொல்வதற்குள் போன் நின்றுவிட்டது. பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது, குளிர் தின்றுவிட்டது. தண்ணீர், மெழுகுதிரி, மேலதிக பற்றரி என்று அவசரத்துக்கு அடுக்கிய பெட்டி கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது.

போனைச் சூடாக்கக் கமக்கட்டுக்குள் அமத்திக்கொண்டு, மற்றக் கையால் கண்ணாடியில் தட்டி, வாயைக் கோணலாக்கி ஆடிக்காட்டினேன். அவள் சிரித்தாள். நான் நிறுத்தினால் சமையலறைப் பக்கம் திரும்பினாள். அதனால் நிறுத்தவும் வழியில்லை.

ஒருவழியாகப் போன் எழும்பியது. சிம்மின் இரகசிய இலக்கத்தைக் கேட்டது. அது மகன் சுரேன் போட்டது, எனக்குத் தெரியாது. என் பிறந்த ஆண்டை அடித்தேன், பிழை. அவனுடையதை அடித்தேன், அதுவும் பிழை. இன்னொரு தரம் பிழைத்தால் பூட்டிவிடும். அப்போதுதான் திரையின் அடியில் அவசர அழைப்பு என்று இருந்ததைக் கண்டேன். இலக்கம் இல்லாமலே அது போகும் என்று இவ்வளவு காலமும் நான் அறியவில்லை. 112 அடித்தேன்.

ஒரு நோர்வேஜியப் பெண் எடுத்தாள். விலாசத்தைத்தான் முதலில் சொன்னேன், பிறகு நடந்ததை.

"பிள்ளை இப்ப எங்கை?"

"எனக்கு முன்னால. கண்ணாடியோட."

"அங்கையே வைச்சிருங்கோ. ஆக்கள் வெளிக்கிட்டிட்டினம்."

"எப்பிடி வைச்சிருக்கிறது?"

"இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள்?"

"குரங்கு மாதிரி ஆடினனான்."

"அப்ப ஆடுங்கோ."

போன் மறுபடி நின்றது. ஆடினேன். கால்விரல்கள் இருக்கிறதே தெரியவில்லை. கடைசியில் ஜூலியாவுக்கு அலுத்துவிட்டது. போய்க் கதிரையை இழுத்தாள். கண்ணாடியில் குத்தினேன், கத்தினேன். அவள் திரும்பவில்லை.

கதிரையில் ஏறிவிட்டாள். அந்த நேரம் வாசல் கதவு உடைபட்டது. தீயணைப்புக்காரர் நேரே போய் அவளைத் தூக்கினார், பிறகு அடுப்பை நிற்பாட்டினார். அவருடைய தலைக்கவசத்தைப் பார்த்து அவள் வீரிட்டு அழுதாள். அவளை இடுப்பில் வைத்தபடியே வந்து எனக்குக் கதவைத் திறந்தார்.

பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். விரல்கள் மடங்கவில்லை.

"பொறுங்கோ," என்றார் அவர். "கை சூடாகட்டும். நான் வைச்சிருக்கிறன்."