சிவப்புப் பெட்டியின் மோட்டார்

செங்குட்டுவனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. அந்த ஒரு நிம்மதியில்தான் அவன் மனைவி விஜயலட்சுமி, குவார்ட்டர்ஸின் பின்னறையைப் பழைய ரெக்கார்டு பிளேயர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். எல்லாம் கையில் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி பிளேயர்கள். மூடினால் சூட்கேஸ், திறந்தால் தட்டு, முள், ஸ்பீக்கர் அத்தனையும் உள்ளேயே இருக்கும். பேட்டரியில் ஓடும். டவுன்ஷிப்பில் யாராவது ரிட்டையர் ஆகி வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மூக்கில் வேர்த்தாற்போல் போய் நின்றுவிடுவான். பரணிலிருந்து சாமான் இறங்குகிற நேரத்தில் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் பெட்டி கிடைக்கும் என்பது அவன் கண்டுகொண்ட உண்மை.

தெய்வசிகாமணி வீட்டுச் சிவப்புப் பெட்டி மட்டும் அப்படி வந்ததல்ல. அது ரிப்பேருக்கு வந்தது.

தெய்வசிகாமணி சுரங்கத்தில் அவனோடு கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் வேலை பார்க்கிற மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் செங்குட்டுவனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் காட்டிக்கொடுத்ததும், அவன் திட்டு வாங்கவேண்டிய இடத்தில் தான் வாங்கியதும் அவர்தான். அவருக்கு ரிட்டையர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டி முடித்து, சாமான்களை ஒவ்வொன்றாக அங்கே ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் பெட்டி வெளியே வந்தது. அது அவர் மனைவி கலியம்மாளுடையது. கல்யாணத்துக்கு அவள் அண்ணன் மருதாசலம் குள்ளஞ்சாவடியிலிருந்து தலையில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்த சீர்.

"பாட்டு இழுத்துக்கினு வருது தம்பி, கெணத்துக்குள்ளேருந்து பாடுற மாரி. ரிட்டையர்மென்ட் அன்னிக்கு எங்க அண்ணன் வரும். அதுக்கு முன்னாடி இத ஒரு பாட்டு பாட வெச்சிக் காட்டணும். ஒங்களத்தான் நம்பிக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் கலியம்மாள்.

பெட்டியைத் திறந்த சில நிமிடங்களிலேயே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பேட்டரியை எடுக்காமல் விட்டதில் அது கசிந்து ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டால் போய்விடும். உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தொய்ந்திருந்தது. மைல் கணக்கில் ஓடுகிற பெல்ட்டோடு தினம் மாரடிக்கிறவனுக்கு இந்த வளையல் அளவு பெல்ட் ஒரு வேலையா? மோட்டார் புதுசு போல இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஏனென்றால் அவனுடைய பச்சைப் பெட்டிக்கு மோட்டார் செத்துப்போயிருந்தது. சேர்த்ததிலேயே அழகானது அதுதான். வருகிற ஞாயிறு பாண்டிச்சேரியில் ரெக்கார்டு பிரியர்கள் கூடுகிறார்கள். பச்சைப் பெட்டியைக் கொண்டுவருவதாக வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டுத் தம்பட்டம் அடித்தாயிற்று.

அவர்கள் செக்‌ஷனில் ஒரு பழக்கம் உண்டு. ஸ்பேர் வரத் தாமதமானால், சும்மா நிற்கிற மெஷினிலிருந்து கழற்றி, ஓடவேண்டிய மெஷினில் மாட்டிவிடுவார்கள். ஸ்பேர் வந்ததும் பழையபடி மாட்டிக்கொள்ளலாம். அதில் யாரும் குற்றம் பார்ப்பதில்லை, பெல்ட் ஓடினால் சரி. செங்குட்டுவனின் கையும் அந்தப் பழக்கத்திலேயே போய், சிவப்புப் பெட்டியின் மோட்டாரைக் கழற்றிப் பச்சைப் பெட்டியில் மாட்டிவிட்டது. ஞாயிறு ஒரு நாள்தானே, திங்கட்கிழமை திருப்பி மாட்டிவிடலாம் என்று நினைத்தான். அடுத்தவர் வீட்டுச் சீர் சாமான், சும்மா நிற்கிற மெஷின் இல்லை என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்தும் உறைக்காத மாதிரி இருந்துகொண்டான் என்று சொல்வதுதான் சரி.

பாண்டிச்சேரியில் பச்சைப் பெட்டி கணீரென்று பாடியது. ஆளாளுக்குத் தொட்டுத் தடவிப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். புகழ்ச்சி தலைக்கேறிய நேரத்தில் பேட்டரி இறங்கிப்போனது. பக்கத்து மேசையில் கிடந்த யாருடையதோ அடாப்டரை எடுத்துச் சொருகினான். வோல்ட் எவ்வளவு என்று பார்க்கவில்லை. மெஷின் ரிப்பேர் செய்து சம்பளம் வாங்குகிறவன் பார்க்கவில்லை. தட்டு பேய் பிடித்தது போலச் சுற்றியது, ஒரு கருகல் வாடை வந்தது, அவ்வளவுதான்.

அதற்குப்பிறகு அவன் கேட்காத கடை இல்லை. குரூப்பில் கெஞ்சினான், சென்னைக்கு ஒரு நடை போய் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்தான். அந்த அளவில் மோட்டார் எங்கேயும் இல்லை. தெய்வசிகாமணி ஷிப்டில் பார்க்கும்போதெல்லாம் "என்னாப்பா, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கருகின மோட்டாரையே சிவப்புப் பெட்டிக்குள் வைத்து மூடி, அவர் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனான்.

"மோட்டார் போயிடுச்சிண்ணா. பார்ட் எங்கயும் கெடைக்கல."

"எப்பிடிப்பா போவும்? ஓடிக்கினுதானே இருந்திச்சி?"

ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. "பேட்டரி கசிஞ்சிருந்துச்சில்ல... அது உள்ள எறங்கிடுச்சி" என்றான்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை யார் தலையில் விழுகிறது என்று தெரிந்தது. தெய்வசிகாமணி மனைவி பக்கம் திரும்பினார். "எத்தினி தபா சொன்னேன், பேட்டரிய எடுத்துட்டு வையின்னு? கேட்டியா நீ?" கலியம்மாள் பெட்டியின் மூடியை முந்தானையால் துடைத்தாள். "ஆமா, நான்தான் வுட்டுட்டேன்" என்றாள் மெதுவாக. பிறகு அவனைப் பார்த்து, "ஒங்களுக்கும் வீண் அலைச்சல் குடுத்துட்டேன் தம்பி" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் மன்னிப்புக் கேட்டது அவனை என்னவோ செய்தது.  வீட்டுக்கு வந்து சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். விஜயலட்சுமி கேட்டதற்கு வெயில் என்றான்.

அதோடு விட்டதா? அடுத்த ஞாயிறு கலியம்மாள் ஒரு துணிப்பையோடு அவன் வீட்டுக்கே வந்தாள். உள்ளே அவளுடைய ரெக்கார்டுகள், ஒரு கீறல் இல்லாமல். "மிஷினு இல்லாத வூட்ல இது என்னாத்துக்கு? நீங்கன்னா மதிச்சி வெச்சிக்குவீங்க" என்றாள். வேண்டாம் அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தான். அதற்குள் கை நீண்டு வாங்கிக்கொண்டது. இந்தச் சேகரிக்கிற புத்தி இருக்கிறதே, அதற்கு மானம் ரோஷம் எதுவும் கிடையாது. அவள் போன பிறகு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தான். பல்லவி முடிவதற்குள் முள்ளைத் தூக்கிவிட்டான்.

ரிட்டையர்மென்ட் நாள் வந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, செக்‌ஷன் ஆட்கள் எல்லாரும் தெய்வசிகாமணியை வடக்குத்து வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் பந்தல், பந்தலுக்குக் கீழே சாப்பாடு. மருதாசலம் வெள்ளை வேட்டியில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பாயசம் வருகிற நேரத்தில் கேட்டேவிட்டார்.

"எங்கம்மா அந்தப் பெட்டி? ஒரு பாட்டப் போடு, கேப்போம்."

பாயசத் தூக்கோடு வந்த கலியம்மாள் நின்றுவிட்டாள். தெய்வசிகாமணி முந்திக்கொண்டார். "அத ஏன் கேக்குற மச்சான்? ஒன் தங்கச்சி பேட்டரிய உள்ளயே அழுவ வுட்டுக் கொன்னுட்டா. நீ தலயில தூக்கியாந்தத காப்பாத்தத் தெரியல."

பந்தியில் சிரித்தார்கள். மருதாசலம் சிரிக்கவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு "சரி வுடு" என்றார். கலியம்மாளின் முகம் கன்றிப்போனது. இந்த வயதில், அண்ணன் முன்னால், புது வீட்டு வாசலில்.

செங்குட்டுவன் எழுந்துவிட்டான். எச்சில் கையோடு எழுந்து நின்றான். "அண்ணா, அவங்க மேல தப்பில்ல. பேட்டரி எதுவும் பண்ணல. நான்தான் நல்ல மோட்டார கழட்டி என் பெட்டியில போட்டேன். அது எரிஞ்சிபோச்சி. எரிஞ்சதத்தான் ஒங்ககிட்ட குடுத்தேன்."

 தெய்வசிகாமணி தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா மச்சான், எங்க செக்‌ஷன் பையன! ஒன் தங்கச்சி தலகுனிஞ்சி நிக்கறது பொறுக்காம பழிய தன் தலயில இழுத்துப் போட்டுக்கறான். தங்கம்யா!" ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் சொன்னார்கள். மருதாசலத்தின் முகம்கூடத் தெளிந்தது. பக்கத்து இலைக்காரர் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

கலியம்மாள் மட்டும் அவன் முகத்தையே பார்த்தாள்.

"மெய்யாவா தம்பி?"

அவள் ஒருத்திதான் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். சொல்ல வேண்டியதை ஏற்கனவே பாதிக்கு மேல் சொல்லியும் ஆயிற்று. ஆனால் பந்தி முழுக்க அவனைப் பார்த்து மலர்ந்திருந்தது. அவனைப் போல ஒரு நல்லவனை அவர்கள் அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த முகங்கள் மாறுவதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

"இல்ல அண்ணி... நீங்க வருத்தப்படுறீங்களேன்னு..."

கலியம்மாள் தலையை ஆட்டினாள். "எனக்காவ பொய் சொல்லாதீங்க தம்பி. தப்பு பண்ணவங்கதான் அத ஒத்துக்கணும். நான்தான் அன்னிக்கே ஒத்துக்கினேனே" என்றாள்.

அவன் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.