வெற்றிலை மையில் வெள்ளைச் சீலை

யட்டவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரே வாரத்தில் மூன்று பசுக்கள் நுரை தள்ளிச் செத்தன. காரணம் தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது? செய்வினைதான் என்று முடிவுகட்டி, பலாபத்வலையிலிருந்து மை போட்டுப் பார்க்கும் சிவலிங்கத்தைக் கூட்டிவந்துவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரர்களும் முன்வரிசையில்தான் நின்றார்கள். வெட்கமாவது ஒன்றாவது!

மையில் தெரியும் உருவத்தைப் பார்த்துச் சொல்ல, கால் முன்னே வந்து பிறந்தவர் வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அப்படிப் பிறந்தவள் மார்ஜரி ஒருத்திதான். கைக்குழந்தையைப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாடுகள் எதனால் செத்தன என்பது அவளுக்குத் தெரியும். புல்லைக் கொல்ல அடிக்கிற மருந்துத் தகரத்தை, தோட்டத்துத் துரை கூடாதென்று சொல்லியிருந்தும், மாடு தண்ணீர் குடிக்கிற வாய்க்கால் கானிலேயே கழுவிவிட்டான் அவள் புருஷன் ரபாயேல். வெளியே தெரிந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். வேலையும் போகும், குடியிருக்கிற காம்பராவும் போகும். பச்சைப்பிள்ளையோடு எங்கே போய் நிற்பது?

"நல்லா உத்துப் பாரு தாயி. ஆம்பளையா, பொம்பளையா?" என்றார் சிவலிங்கம்.

வெற்றிலையில் கறுப்பு மையும் விளக்கு வெளிச்சமும்தான் இருந்தன. ஆம்பளை என்றால் பேச்சு ரபாயேலிடம் வந்து நின்றாலும் நிற்கும்.

"பொம்பள."

"சீல என்னா? கலரா, வெள்ளையா?"

"வெள்ள."

பேர் எதுவும் அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. லயத்தில் வெள்ளைச் சீலை கட்டுகிறவள், பிள்ளைப்பேறு பார்க்கிற விதவை லூசியா மட்டும்தான். வாய்க்கு வந்ததைத்தானே சொன்னேன் என்று மார்ஜரி பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு ஒத்துக்கொள்ளவில்லை. 'வெள்ள' என்றபோதே லூசியாவின் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாவி, தெரிந்துதான் சொன்னாள்.

லயமே திரண்டுபோய் லூசியாவின் வாசலில் காறித் துப்பியது. அத்தனை வீட்டுப் பிள்ளைகளையும் முதலில் ஏந்திய கை, ஒரே பொழுதில் சூனியக்காரியின் கையாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் லூசியா ஒரு மூட்டையோடு மாத்தளை பஸ்ஸுக்கு இறங்கினாள். மார்ஜரி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, நான் மையில ஒண்ணுமே பாக்கலக்கா. எங்க வீட்டு ஆளுதான் மருந்துத் தகரத்தக் கான்ல கழுவுனாரு. நான் பொய் சொல்லிட்டேன்."

லூசியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீ நல்லவ புள்ள. என்னையத் தேத்துறதுக்காகப் புருசன் மேலயே பழியத் தூக்கிப் போடுறியே! கால் முன்ன பொறந்தவ கண்ணு பொய்க்குமா? ராவெல்லாம் யோசிச்சேன். செத்துப்போன அந்தச் செவலப் பசுவ நான்தான் தடவிக் குடுத்தேன். எனக்கே தெரியாம எங்கிட்ட என்னமோ இருக்கு."

"ஐயோ, மாதாவே! சத்தியமாத்தான் சொல்றேன்க்கா!"

பிள்ளை லூசியாவைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டியது. லூசியா சட்டென்று தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினாள்.

"கொண்டு போயிரு புள்ள. என் மூச்சு பட்டுறப் போகுது."

மேலே, காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் சனம் மொத்தமும் கூடியிருந்தது. போய் ஒரு சத்தம் போட்டால் போதும். ரபாயேலும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான்.

மார்ஜரி பிள்ளையை இறுக்கிக்கொண்டு, பஸ் போகும்வரை நின்ற இடத்திலேயே நின்றாள்.