பட்ச் முடிவு

கம்பஸில் எங்கள் பட்ச்சுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. எடுத்த முடிவை மீறுகிறவர்களோடு யாரும் கதைக்க மாட்டார்கள். கன்ரீனில் அவர்கள் வந்து இருந்தால் மற்றவர்கள் தேத்தண்ணியோடு எழும்பிப் போய்விடுவார்கள். இதற்குப் பெயர் ஒற்றுமை. முதலாம் வருஷத்திலிருந்து இந்த ஒற்றுமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த மடைச்சி நான்.

ஐப்பசியில் கம்பஸ் மருத்துவ நிலையத்தில் சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடுவதாக அறிவித்தல் வந்தது. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் சிலர் அனுப்பிய ஊசி. எங்களில் பாதிப்பேருக்குத்தான் காணும். தொய்வு, மூச்சிழுப்பு உள்ளவர்கள் முதலில் வரட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. போன மாரியில் வந்த காய்ச்சலில் மூச்சு இழுத்து ஒட்சிசன் வைத்துத்தான் தப்பினேன். மற்றவர்களுக்கு அது வெறும் ஊசி, எனக்கு உயிர்.

அன்று பின்னேரமே பட்ச் கூடியது.

"தாறதெண்டால் எல்லாருக்கும் தரட்டும். இல்லாட்டி ஒருத்தரும் போடுறேல்லை," என்றான் பட்ச் தலைவன் கஜீபன்.

நான் வாய் திறக்க முதல் உதயகலா எழும்பினாள். கம்பஸுக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில் நானும் அவளும் ஒரே அறை, ஒரே சட்டியில் சமையல்.

"அருந்ததிக்குத் தொய்வு. அவளே பட்ச்சுக்காகப் போடாமல் நிக்கிறாள். உங்களுக்கென்ன?"

நான் அப்படி ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு இல்லையென்பது? மருதனார்மடத்திலிருந்து அம்மா போன் எடுத்துக் கேட்டபோது, "போட்டிட்டன் அம்மா," என்று பொய் சொன்னேன்.

கார்த்திகை மழையோடு காய்ச்சலும் வந்தது. இறுதிப் பரீட்சை தொடங்கிய அன்று நான் ஆஸ்பத்திரியில், முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கோடு கிடந்தேன். இனி அடுத்த வருஷம் கீழ் பட்ச்சோடுதான் எழுதலாம்.

முதல் சோதனையை எழுதிவிட்டு உதயகலா பார்க்க வந்தாள். கட்டிலில் என்னோடு ஒட்டி இருந்து தோடம்பழம் உரித்தாள்.

"தள்ளி இரடி. உனக்கும் தொத்தப்போகுது," என்றேன்.

"எனக்கு வராது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது. உரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏன் வராது?"

"கோவியாதை அருந்ததி. நான் போட்டிட்டன். போடச் சொல்லி அம்மா ஒரே கரைச்சல். கஜீபனும் போட்டவன். கனபேர் ஆருக்கும் சொல்லாமல் போய்ப் போட்டவை. உனக்கும் தெரியுமாக்கும் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஆர் சொன்னது?" ஒவ்வொரு சொல்லாகத்தான் கேட்க முடிந்தது. "காணாதெண்டு சொன்ன ஊசி, உனக்கு எப்பிடிக் கிடைச்சது?"

அவள் தோடம்பழத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் போகேக்கை ஒண்டுதான் மிச்சம். டொக்டர் உனக்கெண்டு எடுத்து வைச்சிருந்தவர். அந்தப் பிள்ளை வராதோ எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்னனீ?"

"நீ வரமாட்டாய் எண்டன். நீ சொன்ன சொல் மாறமாட்டாய்தானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளின் தலைமயிரைப் பிடித்து உலுப்ப வேண்டும், துரோகி என்று வார்ட் முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கு நெஞ்சில் காற்று இல்லை. மாஸ்க்கை விலக்கி, "எழும்பிப் போ," என்றேன். அந்த இரண்டு சொல்லுக்கே இடையில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அவளுக்கு அது கேட்கவில்லை. குனிந்து என் வாயருகே காதைக் கொண்டுவந்து, "என்னம்மா, தண்ணி வேணுமோ?" என்று கேட்டாள்.