இரண்டு போர்டு, ஒரு மனை

கிருபாசங்கருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு பேச்சில் மரியாதை கூடும். கோயமுத்தூர் கணபதியில் அவன் நடத்திய லேத் பட்டறையில் எல்லாருக்கும் இது தெரியும். "ஏனுங்க, இந்த ஷாஃப்ட்டை எந்த மகராசனுங்க கடைஞ்சது?" என்று அவன் கேட்டால், கடைந்தவர் சத்தமில்லாமல் டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.

1999 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை காலை, காந்திபுரத்தில் ராமுலுவின் பிரவுசிங் சென்டரில் இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் அந்தக் காது சிவந்துகொண்டிருந்தது.

"ராமுலு, கொஞ்சம் வந்து பாருங்க. இங்க ஒரு லெட்டர் இருந்துச்சுங்க. இப்பக் காணோம்."

"லைன் போயிருக்குமுங்க. மறுக்கா அமுத்துங்க."

"நாலு தடவை அமுத்திப்போட்டனுங்க."

காணாமல் போனது என்னவென்று சொல்ல, அவனுடைய மச்சானிலிருந்து தொடங்க வேண்டும். மனைவி புவனாவின் அண்ணன் சென்னியப்பன், தாராபுரத்துக்காரர். மகள் லோகப்பிரியாவுக்கு மெட்ராஸில் வேலை கிடைத்ததும், புள்ளை எத்தனை நாளைக்கு ஹாஸ்டல் சோறு தின்னும் என்று சொல்லி, இருந்த நாலு ஏக்கரில் மூன்றை விற்றார். அங்கே ஒரு மனை வாங்கி வீடு கட்ட வேண்டும். மனை தேடும் பொறுப்பு மாப்பிள்ளை கிருபாசங்கருக்கு வந்தது. மாப்பிள்ளைக்குத்தான் இன்டர்நெட் தெரியுமே. இதைச் சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்ததும் மாப்பிள்ளைதான்.

மெட்ராஸ் மனைகளைப் பற்றி ஆட்கள் எழுதிக்கொள்ளும் போர்டு அவனுக்கு இரண்டு கிடைத்தது. ஒன்று 'மனை மன்றம்', இன்னொன்று 'பிளாட் பஞ்சாயத்து'. மணிக்கு அறுபது ரூபாய் கொடுத்து இரண்டு மாதம் இரண்டையும் ஒப்பிட்டான். பெண் கொடுக்கும் முன்னால் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கிற முறைதான் அவனுக்குத் தெரிந்த முறை. போனவுடன் உட்காரச் சொல்கிறார்களா, தண்ணீர் கொடுக்கிறார்களா, வார்த்தை எப்படி வருகிறது. வார்த்தை பதமாக இருந்தால் நல்ல குடும்பம். காடு தோட்டமெல்லாம் அப்புறம்.

மன்றத்தில் நுழைந்ததும், மதிப்பிற்குரிய ஐயா, வீட்டில் அனைவரும் நலமா என்று இங்கிலீஷில் கேட்டார்கள். அதை நடத்துகிறவர் தன் பெயரை 'நலம் விரும்பி' என்று போட்டுக்கொண்டிருந்தார். அங்கே சண்டை கிடையாது. யாராவது குரலை உயர்த்தி எழுதினால், அந்தக் கடிதத்தை அவரே எடுத்துவிடுவார். அது ஒன்றே கிருபாசங்கருக்குக் கோயில் மாதிரி இருந்தது.

பஞ்சாயத்தில் நுழைந்து, மன்றத்தில் பார்த்துவைத்த லேஅவுட்டைச் சொன்னதும், 'ஏரிக்காரன்' என்ற ஒருவன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே கேட்டான்: "யோவ் கோயமுத்தூர், நீ சொல்ற லேஅவுட்டு ஏரிக்குள்ள இருக்குய்யா. மேப்பு பாக்கத் தெரியாதா உனக்கு?"

யோவ். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் புவனாகூட அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை, அவளுக்குக் காரணம் நிறைய இருந்தும்.

அன்று பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஏரிக்காரனுக்கு ஏழு கடிதம் எழுதினான். அந்த இடம் ஏரிதானா இல்லையா என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. நாலு பேர் கூடும் இடத்தில் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பற்றி ஏழு கடிதம். ஏழுக்கும் சேர்த்து ஒரே பதில் வந்தது: "மழைக்கு வந்து பாரு."

சரி, எதற்கும் இருக்கட்டுமென்று மன்றத்தில் கேட்டான். மழைக்குத் தண்ணீர் நிற்குமா? நிற்காது ஐயா, மேட்டு நிலம் ஐயா என்றார் நலம் விரும்பி. இரண்டு ஐயா. இதற்கு மேல் என்ன விசாரணை? எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஃபைல் போட்டு, தாராபுரத்துக்குக் கொண்டுபோய் மச்சான் கையில் கொடுத்தான். சென்னியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஃபைல் கனமாக இருந்தது, அவருக்கு அது போதும்.

இந்த வியாழக்கிழமை மத்தியானம் கோவை எக்ஸ்பிரஸில் அவர் மெட்ராஸ் கிளம்புகிறார். வெள்ளிக்கிழமை காலை பத்திரம். அதற்குள் நலம் விரும்பிக்கு ஒரு நன்றி சொல்லிவிடுவது முறை என்றுதான் கிருபாசங்கர் வந்து உட்கார்ந்தான். அவன் பழைய கேள்விக்குக் கீழே புதிதாக ஒரு கடிதம் இருந்தது. எழுதியவர் பெயர் இஸ்மத். கதவு எண்ணே போட்டிருந்தார். 'சகோதரரே, நான் இதே லேஅவுட்டில் வீடு கட்டிக் குடியிருக்கிறேன். நவம்பர் மழையில் எங்களைப் படகில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நடக்க முடியாத என் மாமியாரைக் கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்து இறக்கினோம். தயவுசெய்து வாங்காதீர்கள்.'

எழுந்து வெளியே போய், ஒரு டீ குடித்துத் திரும்பி வந்து பார்த்தால் கடிதம் இல்லை. அவன் கேள்வியும் இல்லை. அந்த இடத்தில், இணக்கத்தைக் கெடுக்கும் பதிவுகள் நீக்கப்பட்டன, நன்றி ஐயா, என்று ஒரு வரி.

ஐயா வீட்டில் அனைவரும் நலமா, நீக்கிய காரணத்தை அறியலாமா என்று எழுதினான். அது இரண்டு நிமிடம் இருந்தது. அடுத்து எழுதியதில் நலம் விசாரிக்கவில்லை. அதோடு அவனை உள்ளேயே விடவில்லை.

ராமுலு நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். "மனையை விக்கறவனே இந்த போர்டையும் நடத்தறானாட்ட இருக்குதுங்க."

"ரெண்டு மாசமா நானுங்க பின்னாடி உக்காந்திருந்தேன்? நீங்கதானுங்க இருந்தீங்க. அப்பச் சொல்றதுக்கென்னங்க?"

"நீங்கதான் கேக்கலீங்களே. அவுரு எவ்வளவு மருவாதின்னு சொல்லிச் சொல்லி, எனக்கே பாடமாயிருச்சுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சாயத்தைத் திறந்தான். மன்றத்தில் தூக்கிய கடிதங்களையெல்லாம், தூக்கும் முன்பே பிரதி எடுத்து, ஏரிக்காரன் அங்கே வரிசையாக ஒட்டி வைத்திருந்தான். பதினான்கு. கடைசியில் இஸ்மத்தின் கடிதம். மேலே, 'கோயமுத்தூர் இதையாவது படிச்சுத் தொலை' என்று தலைப்பு. சரியாகச் சொன்னதற்காக ஒரு மனிதன் மேல் இவ்வளவு ஆத்திரம் வரும் என்று கிருபாசங்கர் அன்றுதான் தெரிந்துகொண்டான். பிரிண்ட் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்து, தாராபுரத்துக்கு போன் போட்டான். மச்சான் காலையிலேயே பஸ் ஏறியாயிற்று.

ஸ்கூட்டரை ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டு அவன் ஓடியபோது வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. சென்னியப்பன் புதுச்சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், கொஞ்சம் எறங்குங்க. பேசோணும்."

"வாங்க மாப்ள. ஊட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே?"

"சௌக்கியமுங்க. அந்த எடம் வேண்டாமுங்க. தண்ணி நிக்குதாமுங்க."

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. "நல்லதுதானுங்களே. நமக்கு ஆயரம் அடி போர் போட்டாலும் புகைதான் வருது."

"நிக்கறது கெணத்துல இல்லீங்க. ஊட்டுக்குள்ளீங்க. இஸ்மத்துன்னு ஒருத்தர் அங்கயே குடியிருக்கறாருங்க. அவரு போர்டுல எழுதியிருக்காருங்க."

"போர்டுல மேட்டு நெலம்னு எழுதுனாங்கன்னு நீங்கதானுங்க ஃபைல் குடுத்தீங்க."

"அது வேற போர்டுங்க."

எதிர் சீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு வசதியாகக் கேட்க ஆரம்பித்தார். சென்னியப்பன் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. காட்டை வித்ததுல தங்கச்சிக்கு எதாச்சும் மனத்தாங்கலுங்களா? கேட்டா நான் குடுக்க மாட்டனுங்களா?"

இரண்டு மாதம், நூற்றிருபது பக்கம் பிரிண்ட், ஏழு கடிதம். கடைசியில் கிருபாசங்கர் பங்குக்கு வந்து நிற்கிறான் என்றாகிவிட்டது. இனி எத்தனை முறை வேண்டாமுங்க என்று சொன்னாலும் மச்சான் அதே பதமாகப் பதில் சொல்வார், வண்டி போய்விடும், லோகப்பிரியாவைக் கதவில் படுக்க வைத்து இறக்குவார்கள். கார்டு விசில் ஊதினார்.

"எறங்குடா" என்றான்.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கையை நிறுத்தினாள். சென்னியப்பன் எழுந்து, பையை எடுத்து, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து இறங்கினார். அவர் இறங்கவும் வண்டி நகர்ந்தது.

"இப்ப என்ன சொன்னே?"

"எறங்குடான்னு சொன்னனுங்க."

அறை விழுந்தது. தோட்டத்துக் கை. கிருபாசங்கர் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, கோபம் தீராத குரலிலேயே, இஸ்மத்தின் கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னான். கதவைக் கழற்றிய இடம் வந்ததும் சென்னியப்பன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அந்தம்மா இப்ப நல்லாருக்குதா?"

"அது எழுதலீங்க."

"கேக்கோணுமல்ல."

"கேக்கறனுங்க."

சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். விற்ற மூன்று ஏக்கர் இனித் திரும்ப வராது.

தாராபுரம் பஸ் வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். பஸ் படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பினார்.

"தங்கச்சிகிட்டச் சொல்லீராதீங்க."

"எதைங்க?"

"நீங்க சொன்னது, நான் குடுத்தது, ரெண்டையுந்தானுங்க."