சூடாகாத ஆம்ப்

வெண்டல் டாக்கெட் கிட்டார் சத்தத்தைக் கூட்டும் தன் ஆம்ப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கியபோதே, மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து முக்கித் தூக்க வேண்டிய சனியன் அது. அதை ஒற்றைக் கையில் காய்கறிக் கூடை மாதிரி தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் வருகிறான்.

"டேய், முக்குற மாதிரி நடிக்கவாவது செய்டா" என்றேன், என் பேஸ் கிட்டாரைச் சுமந்தபடி.

பாட்டுப் பதிவுக்குப் பேர்போன இந்த நாஷ்வில்லில் கிட்டார் வாசிக்கிறவன் தெருவுக்கு நாலு பேர். வெண்டலைக் கூப்பிடுவது அந்த ஆம்ப்புக்காக. யாரோ ஒரு மனிதர் தன் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வயரையும் கையால் பற்றவைத்துச் செய்தது. கொஞ்சம்தான் செய்தார், போய்ச் சேர்ந்துவிட்டார். உள்ளே கண்ணாடி வால்வுகள் செக்கச்செவேலென்று எரியும். சத்தத்தைக் கூட்டினால், அழுது முடித்தவன் குரல் மாதிரி ஒரு கரகரப்பு வரும். போன வாரம் அது புகைந்து செத்தது. உள்பாகத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறான், திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அதனால் வெற்றுக் கூட்டுக்குள் வால்வே இல்லாத ஒரு மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்பைத் திணித்து, அதோடு ஓர் ஓவர்டிரைவ் பெடலையும் மாட்டி வைத்திருந்தான். சோப்புப் பெட்டி அளவு சாமான். அதே கரகரப்பை அப்படியே தரும் என்று சொல்லி விற்கிறார்கள். பெடல் வைத்திருப்பது இந்த ஊரில் ஒரு குற்றமே இல்லை. ஆம்ப் என்று சொல்லி வந்துவிட்டுப் பெடலை ஒளித்துவைப்பது வேறு விஷயம். தெரிந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அப்புறம் அவன் ஃபோன் அடிக்காது.

"மிஸ் லொரெய்ன்கிட்ட சொல்லித் தொலைச்சிடேன்டா" என்றேன். இந்தப் பாட்டின் தயாரிப்பாளர் அவர்தான்.

"சொன்னா? 'பரவால்ல கண்ணு, அப்புறமா கூப்பிடுறேன்'பாங்க. அந்த அப்புறம் என்னிக்கு வரும்னு உனக்குத் தெரியாதா கர்டிஸ்? இத விட்டா நான் லாரிதான் ஓட்டணும்."

ஆம்ப்பைச் சின்ன அறையில் வைத்து மைக்கை நிறுத்தினார்கள். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். அவன் ஒரு தந்தியை இழுத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கன்ட்ரோல் ரூமிலிருந்து லொரெய்ன் ஹார்கிஸின் குரல் ஹெட்ஃபோனில் வந்தது: "அய்யோ, கொல்றியே கண்ணு!" வெண்டல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அப்புறம் அந்த அம்மா எழுந்தார்.

ரெக்கார்டிங் தொடங்கும் முன் ஒவ்வொரு ஆம்ப்பின் தலையிலும் அவரே போய்க் கை வைத்துப் பார்ப்பார். வால்வு நன்றாகச் சூடேறாமல் சிவப்பு விளக்கைப் போடமாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிறார் என்று ஊரே கிண்டலடிக்கும். வெண்டல் பின்பக்கத்தைத் துணியால் மூடியிருந்தான், முன்விளக்கைக்கூட எரிய வைத்திருந்தான். சூட்டை மறந்துவிட்டான், பாவி. நானும்தான் மறந்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லொரெய்ன் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. கை மெதுவாகப் பின்பக்கம் நகர்ந்தது, அனல் அடிக்க வேண்டிய இடத்துக்கு. குனிந்து துணியை விலக்கிப் பார்த்தார். 'செத்தோம்' என்று நினைத்தேன்.

"நான் போய்ச் சொல்லிடுறேன்" என்று வெண்டல் எழுந்தான். அதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நல்லா சூடாயிருக்கு. உக்காரு கண்ணு, வாசிக்கலாம்."

சிரிக்கவில்லை. முறைக்கவும் இல்லை. திட்டியிருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருப்போம். இது என்ன? பரிவா, இல்லை பாட்டு முடிகிறவரைக்கும் தவணையா? வெண்டலும் அதையேதான் யோசித்தான் போல, கிட்டாரை மடியில் வைத்தும் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. டிரம்மர் குச்சியைத் தட்டித் தாளம் கொடுத்தான். நான் பேஸில் நுழைந்தேன். வெண்டல் வரவேண்டிய இடம் வந்தது, போனது. அவன் விரல்கள் தந்திமேல் கிடந்தன, அழுத்தவில்லை. டிரம்மும் பேஸும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. லொரெய்ன் ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை. கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்கு அப்பால், கன்னத்தில் கை வைத்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.