பைகளுக்குப் போட்ட பந்தல்

காற்றுப் பைகளுக்குத்தான் முதலில் பந்தல் போட்டார்கள். கம்பி நட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, சுருட்டி வைத்த மஞ்சள் பைகளை அதன் கீழே தள்ளிய பிறகுதான் மேனேஜருக்கு நிம்மதி வந்தது. "வெயில் பட்டா ரப்பர் வெடிச்சிடும். வாடகைச் சாமான்" என்றார். கடலில் நிறுத்தியிருந்த மிதவையின் இரும்புத் தளம் அதற்குள் கொதிக்கத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஏணிப் பக்கம் போனான்.

"முட்டைய உடைச்சு ஊத்து மச்சான், ஆம்லெட்டே ஆயிடும்."

"நீ வெந்து போறதுக்குள்ள இறங்கு" என்றான் கயிற்றுக்காரன்.

மாப்பிள்ளை அவனுடைய தங்கை புருஷன். கடலுக்குள் மூழ்கி வேலை செய்பவன். மேலே நின்று அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பதுதான் இவன் வேலை. "உன்ன நம்பித்தான் அனுப்புறேன்" என்று தங்கை சொன்ன நாளிலிருந்து அந்தக் கயிற்றை இவன் வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

கீழே ஓர் இழுவைப் படகு மூழ்கி, துறைமுகத்துக்குள் கப்பல் வரும் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் இரு பக்கமும் பைகளைக் கட்டிக் காற்றடித்தால் படகு தானாக மேலே கிளம்பும். காற்றுக்கு இருந்தது ஒரே ஒரு கம்ப்ரசர். இன்னொன்று பழுது பார்க்கப் போனது, போனது போனதுதான். அதனால் இருந்த ஒன்றிலிருந்தே ஆளுக்கு ஒரு குழாய், பைக்கு ஒரு குழாய் என்று பிரித்து, தனித்தனி வால்வு வைத்திருந்தார்கள். "பை குடிச்சு மிச்சம் வச்சாத்தான் எனக்கு" என்று மாப்பிள்ளை சொல்லிச் சிரிப்பான். ஆள் மேலே வந்த பிறகுதான் பைக்கு முழுதாகத் திறக்க வேண்டும். அதுதான் முறை.

மற்ற பைகள் நல்லபடியாக நிரம்பின. கடைசிப் பையின் வார் மட்டும் படகின் கம்பியில் சிக்கிக்கொண்டது. அதை எடுத்துவிட மாப்பிள்ளை மறுபடியும் இறங்கியிருந்தான். மேனேஜரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"கப்பல் வெளியில காத்துக்கிட்டு நிக்குது. தண்ணி வேற வத்த ஆரம்பிச்சிடுச்சு. பைக்குத் திறந்து விடுப்பா."

"ஆள் கீழ இருக்கான் சார்."

"கொஞ்ச நேரம்தானே. மூச்சப் பிடிச்சுக்க மாட்டாரா?"

"அவன் வந்துரட்டும் சார். நான் கயிற விட்டுட்டு வர முடியாது."

"எனக்கு மட்டும் ஆசையாய்யா? மேல இருக்கறவன் என் உயிர எடுக்கறான்" என்று சொன்ன மேனேஜர், தானே போய்ப் பையின் வால்வைத் திருகினார்.

கம்ப்ரசரின் சத்தம் மாறியது. அடுத்த நிமிஷமே கயிற்றுக்காரனின் கையில் கயிறு துடித்தது. ஒரு தடவை இழுத்தால் சுகம் என்று அர்த்தம். இது விடாமல் இழுத்தது.

மேலே வருகிறவன் கயிற்றில் போட்ட முடிச்சு ஒவ்வொன்றுக்கும் நின்று, உடம்பில் ஏறிய காற்று மெதுவாக இறங்கிய பிறகே அடுத்த முடிச்சுக்கு வர வேண்டும். அவசரப்பட்டால் கைகால் விழுந்துவிடும். இப்போது நிறுத்தினாலோ காற்றில்லாமல் மூச்சு நின்றுவிடும். கயிற்றுக்காரன் இழுத்தான். முடிச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடின. ஒன்றில்கூட அவன் நிறுத்தவில்லை.

மாப்பிள்ளையின் தலை தெரிந்த கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பைகளும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. நடுவே இழுவைப் படகின் கூரை தெரிந்தது. மிதவையை ஒட்டி நின்ற லாஞ்ச் என்ற மோட்டார் படகில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"காத்தே வரல மச்சான்" என்றான் மாப்பிள்ளை. தளத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தான். பிறகு தொடையைத் தேய்த்தான். எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் அப்படியே சரிந்தான்.

கயிற்றுக்காரன் மேனேஜரிடம் ஓடினான். "சார், இப்பவே கரைக்குக் கொண்டு போகணும். பெரிய ஆஸ்பத்திரில காத்தழுத்தம் ஏத்துற அறைக்குள்ள படுக்க வச்சாத்தான் சரியாகும். லேட்டானா கால் போயிடும் சார்."

மேனேஜர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. "இருக்கறது ஒரே லாஞ்ச். இழுக்காம விட்டா படகு திரும்ப வழியிலயே உக்காந்துடும். ஓரமா சேத்துட்டு உடனே வந்துடறேன். நீ பக்கத்துல இரு" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் லாஞ்சில் ஏற்றிக்கொண்டு போனார்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கயிற்றுக்காரன் மாப்பிள்ளையின் அக்குளில் கைகொடுத்துப் பந்தலுக்கு இழுத்துப் போனான். மீதமிருந்த பைகள் நிழலை அடைத்துக்கொண்டு கிடந்தன. தோளைக் கொடுத்துத் தள்ளினான். நாலு பேர் சேர்ந்து தூக்குகிற பை, அசையவில்லை. ஆத்திரத்தில் அதை எட்டி உதைத்தான். உதைத்துவிட்டு அழுதான். தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை. கிடைத்த இடத்தில் மாப்பிள்ளையின் தலையையும் உடம்பையும் ஒண்ட வைத்து, தண்ணீர் கொண்டுவரப் போனான்.

தூரத்தில் பெரிய கப்பல் ஊதியது. வழி விட்டாயிற்று. லாஞ்ச் இன்னும் திரும்பவில்லை.

தண்ணீரோடு வந்தவன் பந்தலருகே நின்றுவிட்டான். மாப்பிள்ளையின் கால்கள் முட்டிக்குக் கீழே வெயிலில் நீண்டிருந்தன. குதிகால் இரண்டும் இரும்புத் தகட்டின் மேலேயே கிடந்தன. தோல் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது.

"மாப்ள, கால் சுடலையா?"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்து மேலே தார்ப்பாயைப் பார்த்தான்.

"நிழல்லதான மச்சான் இருக்கு" என்றான்.