அரக்குத் தட்டில் ஸ்பிரிட்

அவளுக்குக் கை வியர்க்காது. அந்தக் கைதான் அவளுக்கு எமனாக வாய்த்தது.

கணவரிடம் அறுநூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள். தூசி அடையுமென்று அந்த அறையில் ஜன்னலைத் திறப்பதில்லை, மின்விசிறியும் போடுவதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து, நடுவில் ஒட்டிய காகிதம் நனையாமல், சோப்புத் துளி விட்ட தண்ணீரில் வட்டப்போக்கிலேயே பிரஷ்ஷை ஓட்டித் துடைத்துக் கொடுத்தாள். சும்மா இருந்திருக்கக் கூடாதா? "உன் கைக்கு ஈடே இல்ல" என்றார் மனிதர். ஒன்பது வருஷமாக அந்தப் பாராட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறாள்.

இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவருக்கே கழுவச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். தொட்ட இடமெல்லாம் கட்டைவிரல் ரேகை.

"நீ போயிட்டா இதுங்களுக்கு யாரு?"

"ஞாயித்துக்கிழமை கழுவித் தரேங்க."

"ஒரு நாள் போதுமா? யோசிச்சுச் சொல்லு."

யோசித்தாள். நன்றாகவே யோசித்தாள். மிகப் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. மற்றவை ஸ்பிரிட்டைத் தாங்கும், அரக்கு கரைந்துபோகும். ஒன்றைப் பாழாக்கினால், இனி என் தட்டைத் தொடாதே என்று ஒரு சத்தம் போடுவார். அது போதும் அவளுக்கு. வெள்ளிக்கிழமை, அவர் உயிராக வைத்திருந்த அரக்குத் தட்டை எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பஞ்சு கறுத்தது. தட்டு பளபளப்பு செத்துப் பிசுபிசுத்தது. பாவமாகத்தான் இருந்தது. அது என்ன செய்யும்?

சனிக்கிழமை காலையில் பார்த்தார்.

"நீயா இப்படிப் பண்ணே?"

"ஆமாங்க. ஸ்பிரிட்ட போட்டுட்டேன். இனிமே என்னை நம்பித் தராதீங்க."

அவர் கத்தவில்லை. கண் கலங்கத் தட்டை உறையில் போட்டுவிட்டு, செல்போனோடு வாசலுக்குப் போனார். வசவை எதிர்பார்த்து அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். திரும்பி வந்தவர் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"உன்மேல தப்பில்லம்மா. வேலை வேலைன்னு மனசு அலைபாயுது, அதான். நீ வரலன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன். இனி நிம்மதியா இரு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பரவாயில்லையாம். வேற ஆள் இருக்காங்களாம்" என்றார், நல்ல சேதி சொல்வதைப் போல.